அந்த மொட்டு எந்த மரத்துல எடுத்தது?

(பழனி கீழ்மலைப் பகுதிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில், பழக்கன்று வாங்கக் கடன் கேட்டு வந்த மனுக்கள் பரிசீலிக்கப்பட்டபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது. கூடுமானவரை அவர் பேசிய நடையிலேயே தந்திருக்கிறோம்.)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல பாய் விரிச்சு உட்கார்ந்து பேசுறதோட சரி. ஆனா இன்னைக்கு நானே கேட்டுத்தான் நேரம் வாங்கியிருக்கேன். ஏழு குழுவிலேருந்து கன்று வாங்கக் கடன் மனு வந்திருக்குன்னு செயலாளர் படிச்சாங்க. எல்லா மனுவுலயும் ஒரே வார்த்தை: "ஒட்டு ஆரஞ்சு, மூணு வருஷத்துல காய்ப்பு." இதே வார்த்தையை நான் ஒரு தீர்மான நோட்டுல என் கையால எழுதியிருக்கேன். 2010-ல. அப்ப எங்க குழுவுக்கு நான்தான் ஊக்குநர்.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடுறேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

நாங்க பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் அறுபதாயிரம் வங்கியில கடன் வாங்கினோம். சந்தைக்கு ஒரு வியாபாரி லாரியில கன்று கொண்டு வந்திருந்தார். ஒரு கன்று 35 ரூபாய். எல்லாம் முழங்கால் உயரம், தளதளன்னு பச்சை. ஆளுக்கு இருபது கன்று, மொத்தம் 240. மீதிப் பணம் குழிக்கும் எருவுக்கும் வேலிக்கும் போச்சு. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இடைவெளி, முக்கால் மீட்டர் ஆழக் குழி, எல்லாம் சொன்னபடிதான் செஞ்சோம். காட்டுமாடு வந்தா தகரம் தட்டி விரட்டினோம். கோடையில குடத்துல தண்ணி சுமந்து ஊத்தினோம்.

நாலாவது வருஷம் காய் பிடிச்சது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனா காய் பெருக்கவே இல்லை. ஒரு பக்கம் புடைச்சும் ஒரு பக்கம் சூம்பியும் கோணலா நின்னுச்சு. பழுக்கிற நேரத்துல காம்புப் பக்கம் மஞ்சளாகி, அடிப்பக்கம் பச்சையாவே கிடந்தது. வாயில வச்சா கசப்பு. விதையைப் பிதுக்கினா பொக்கு. அடுத்த வருஷம் மரமே காய ஆரம்பிச்சது, நுனியிலேருந்து கீழே. சத்துக் குறைவுன்னு ஒருத்தர் சொன்னார், எரு போட்டோம். மருந்துக் கடையில ஒண்ணு குடுத்தாங்க, அடிச்சோம். ஒண்ணும் கேட்கலை. 2016-ல பாதிக்கு மேல வேரோட பிடுங்கி எரிச்சாச்சு.

கடன் தவணை மட்டும் எரியலை. எங்க குழுவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்லாதவங்க, வளர்த்த ஆட்டை வித்துத் தவணை கட்டினாங்க. கூட்டத்துல யாரும் என்னைத் திட்டலை. அந்த அக்காவும் திட்டலை. நோட்டை என் கையில குடுத்துட்டு, "அடுத்து யாராச்சும் எழுதட்டும்"னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு விட்ட ஊக்குநர் வேலை, நான் திரும்ப எடுக்கலை.

நான் செஞ்ச தப்பு என்னன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. கன்று எவ்வளவுன்னு கேட்டேன். எப்ப காய்க்கும்னு கேட்டேன். "இந்த ஒட்டுக்கு மொட்டு எந்த மரத்துல எடுத்தீங்க"ன்னு கேட்கலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒட்டுக் கன்றுன்னா ரெண்டு செடி சேர்ந்த ஒரு செடி. அடியில இருக்கிறது வேர்ச்செடி. ஆரஞ்சுக்கு பெரும்பாலும் ரங்பூர் எலுமிச்சை, இல்லைன்னா ஜம்பேரி எலுமிச்சை. மேல வளர்றது ஆரஞ்சு. அது எங்கேயோ நிக்கிற ஒரு தாய் மரத்தோட கிளையிலேருந்து எடுத்த ஒரே ஒரு மொட்டு. அந்தத் தாய் மரம் எப்படிக் காய்க்குமோ அப்படியே இதுவும் காய்க்கும். தாய் மரத்துக்கு நோய் இருந்தா, அதுவும் அந்த மொட்டுக்குள்ளேயே வந்துடும். ஒரு மரத்துலேருந்து ஆயிரம் மொட்டு எடுத்தா ஆயிரம் கன்றுக்கும் வர வாய்ப்பு இருக்கு. கன்று பையில நிக்கும்போது பச்சையாத்தான் தெரியும். நோய் வெளியே தெரிய மாசக் கணக்குல, சில சமயம் வருஷக் கணக்குல ஆகும். அதுக்குள்ள லாரி போயிடும்.

எங்க மரத்துக்கு வந்த அடையாளம் அத்தனையும் கிரீனிங் நோயோட அடையாளம். பழம் பழுக்காம பச்சையாவே நிக்கிறதால தென்னாப்பிரிக்காவுல இந்தப் பேர் வச்சாங்க. சீனாவுல இதுக்கு மஞ்சள் தளிர் நோய்னு பேர். முதல்ல ஒரு கிளை மட்டும் மஞ்சளா தெரியும், அதனால. இது பாக்டீரியாவால வர்றது. சாறு ஓடுற பாதையை அடைச்சிடும். வந்த மரத்தைக் குணமாக்க இன்னைக்கு வரைக்கும் வழி கிடையாது. நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடான்னு ஒரு மாநிலம், ஆரஞ்சுக்குப் பேர் போனது. அங்க 2005-ல இந்த நோயைக் கண்டுபிடிச்சாங்க. இப்ப அங்க விளையுறது பழைய விளைச்சல்ல பத்துல ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு பணம், அவ்வளவு மருந்து இருக்கிற நாட்டுக்கே அந்த நிலைமை.

நம்ம மலைக்கு இது புதுசும் இல்லை. விருப்பாச்சி வாழையை நினைச்சுப் பாருங்க. முடிக்கொத்து நோய் வந்து நம்ம அம்மா, மாமியார் காலத்துத் தோட்டம் எல்லாம் எப்படி அழிஞ்சது? அசுவினி பரப்பினது பாதி. மீதியை நாமதான் பரப்பினோம், நோய் வந்த தோட்டத்துப் பக்கக்கன்றைத் தூக்கிட்டுப் போய் அடுத்த தோட்டத்துல நட்டு. ஆரஞ்சுலயும் அதே கதைதான். வாழைக்குப் பக்கக்கன்று, ஆரஞ்சுக்கு மொட்டு.

மொட்டு வழியா வர்றது ஒண்ணு. பூச்சி வழியா வர்றது இன்னொண்ணு. சில்லிட்னு ஒரு பூச்சி, எள்ளு அளவுதான் இருக்கும். தளிர் மேல தலையைக் கீழே குத்தி, வாலைத் தூக்கிக்கிட்டு சாய்வா உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்றதைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். புதுத் தளிர்லதான் முட்டை வைக்கும். இதுல நமக்கு ஒரு சங்கடம் இருக்கு. இந்தப் பூச்சிக்கு கறிவேப்பிலைன்னா ரொம்பப் பிடிக்கும். வீட்டு வாசல்ல கறிவேப்பிலை, பக்கத்துலயே ஆரஞ்சு நாற்று, இப்படித்தான் நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கு. கறிவேப்பிலையை வெட்டுங்கன்னு சொன்னா என்னை ஊரை விட்டே அனுப்பிடுவீங்க. நாற்றைத் தள்ளி வைங்க, அது போதும். தளிர் விடுற சமயத்துல ரெண்டு மரத்துக்கும் வேப்ப எண்ணெய் அடிங்க.

இலை மஞ்சளானா எல்லாம் கிரீனிங்னு பயந்துடவும் கூடாது. மலை மண்ணுல துத்தநாகச் சத்துக் குறைவு சாதாரணம். அதுலயும் இலை மஞ்சளாகும். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? இலையை நடு நரம்புல வச்சு ரெண்டு பக்கத்தையும் பாருங்க. சத்துக் குறைவுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, கண்ணாடியில பார்த்த மாதிரி, நரம்பு பச்சையா இடையில மஞ்சளா இருக்கும். கிரீனிங்னா இந்தப் பக்கம் ஒரு திட்டு, அந்தப் பக்கம் வேற இடத்துல ஒரு திட்டு, ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. சந்தேகமா இருந்தா பேனாவால ஒரு பக்கம் வட்டம் போடுங்க, அதே இடத்துல எதிர்ப்பக்கமும் ஒரு வட்டம் போடுங்க. ரெண்டு வட்டத்துக்குள்ளேயும் நிறம் ஒண்ணா, வேறயான்னு பாருங்க. பேரப்பிள்ளைங்களும் செய்யலாம். சத்துக் குறைவுன்னா துத்தநாக சல்ஃபேட் பத்து லிட்டர் தண்ணிக்கு ஐம்பது கிராம் கரைச்சு, தளிர் விடும்போது தெளிச்சா பச்சை திரும்பும். திரும்பலைன்னா யோசிக்கணும். முடிவாத் தெரியணும்னா ஆய்வகத்துலதான் பார்க்கணும். கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, பி.சி.ஆர்.னு, அதே முறையில இலைக் காம்பை வச்சுப் பார்ப்பாங்க.

சரி, அப்ப ஒட்டே வேண்டாம், நம்ம முன்னோர் மாதிரி விதை போட்டே வளர்க்கலாமேன்னு சில பேர் கேட்பீங்க. அதுல நியாயம் இருக்கு. காப்பித் தோட்டத்துக்குள்ள நின்ன நம்ம பழைய மலை ஆரஞ்சு எல்லாம் விதையில வந்த மரம்தானே. கமலா ஆரஞ்சு விதையில ஒரு அதிசயம் இருக்கு. ஒரு விதை போட்டா ரெண்டு மூணு முளை வரும். அதுல பெரும்பாலானது அப்பா கலப்பே இல்லாம முழுக்க அம்மா மாதிரியே இருக்கும். அதனாலதான் மாமரம் மாதிரி விதைக்கு விதை ருசி மாறலை. இன்னொரு நல்லது, மரத்துல இருக்கிற டிரிஸ்டிசா மாதிரி நச்சு நோய் விதை வழியா இறங்காது. ஆனா விதை மரம் காய்க்க ஏழு எட்டு வருஷம் ஆகும். முள்ளு வேற. ஏணி போட்டுப் பறிக்கிற உயரம். வட்டி இல்லாத நிலத்துல சும்மா நட்டு வைக்கிறவங்களுக்கு அது சரி. மாசா மாசம் தவணை கட்டுறவளுக்கு எட்டு வருஷம் சரிப்படுமா? ஒட்டுல நாலு அஞ்சு வருஷத்துல காசு பார்க்கலாம். மனுவுல எழுதியிருக்கிற மூணு வருஷம் நம்ம குளிருக்கு வராது, அதையும் சொல்லிடுறேன். கீழே சமவெளியில வெயில்ல ஓடுற வளர்ச்சி இங்க நடக்கும், அவ்வளவுதான்.

அதனால என் கட்சி ஒட்டுதான். ஆனா நாமே கட்டின ஒட்டு.

நான் ஒட்டுக் கட்டப் பழகினது 2017-ல. தடியன்குடிசையில வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது நம்ம எல்லாருக்கும் தெரியும். பஸ்ல போகும்போது போர்டைப் பார்த்துக்கிட்டே எத்தனை வருஷம் போனோம்! உள்ளே போகலாம்னு எனக்கு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. ஒரு நாள் காஞ்ச இலையைப் பையில போட்டுக்கிட்டு இறங்கிப் போனேன். உட்கார வச்சுப் பேசினாங்க. அங்கேதான் முதல்ல மொட்டு ஒட்டு பார்த்தேன்.

செய்முறையை நான் செய்யுற மாதிரியே சொல்றேன். ரங்பூர் எலுமிச்சைப் பழம் நல்லாப் பழுத்ததா எடுத்து விதையைக் கழுவி, நிழல்ல உலர்த்தி, நாலஞ்சு நாளுக்குள்ள போட்டுடணும். கத்தரி விதை மாதிரி டப்பாவுல கட்டி வச்சா முளைக்காது. ஆரஞ்சு, எலுமிச்சை விதை ரொம்பக் காய்ஞ்சா முளைப்பு குறைஞ்சிடும். முளைச்சு நாலு விரல் உயரம் வந்ததும் பாத்தியைப் பாருங்க. ரொம்பக் குட்டையா, இலை மாறி நிக்கிறதைப் பிடுங்கிப் போட்டுடுங்க. மனசு வராது, ஆனாலும் போடுங்க. ஒரே மாதிரி இருக்கிறதை மட்டும் பைக்கு மாத்துங்க. தண்டு பென்சில் கனம் வர்ற வரைக்கும் பொறுக்கணும். சமவெளியில ஒரு வருஷத்துக்குள்ள வந்துடும்கிறாங்க. எனக்கு இங்க ஒண்ணேகால் வருஷம் ஆச்சு.

கட்டுற நேரம் முக்கியம். தை மாசப் பனியில கட்டிப் பார்த்தேன், பட்டை கழலவே இல்லை, கட்டையோட ஒட்டிக்கிட்டு கிழிஞ்சது. பங்குனியில ஒரு மழை விழுந்து, செடி தளிர் விடுற சமயத்துல பட்டை நுங்குத் தோல் மாதிரி வழுக்கிக்கிட்டு வரும். அதுதான் நேரம். அடை மழையிலயும் கட்டாதீங்க, தண்ணி உள்ளே இறங்கி அழுகிடும்.

மொட்டு எடுக்கிற கிளை புதுத் தளிரா இருக்கக் கூடாது. முந்தின தளிர்ல வந்து, முத்தி, உருண்டையா இருக்கணும். பட்டையா முக்கோணமா இருக்கிற குச்சி வேண்டாம். இலையைக் கிள்ளிட்டு காம்பை மட்டும் விட்டுடுங்க. அந்தக் காம்புதான் நமக்குக் கைப்பிடி. அது இன்னொரு வேலையும் செய்யும், பின்னாடி சொல்றேன். குச்சியை ஈரத் துணியில சுத்தி வச்சுக்கணும்.

வேர்ச்செடியில தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல, இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி குறுக்கே ஒரு கீறல், நேரா கீழே ஒரு அங்குலம் ஒரு கீறல். பட்டை மட்டும் வெட்டணும், கட்டையில கத்தி இறங்கக் கூடாது. பட்டையை ரெண்டு பக்கமும் கதவு மாதிரி மெல்லத் திறந்து, கேடயம் மாதிரி சீவின மொட்டை மேலிருந்து உள்ளே தள்ளணும். மொட்டு தலைகீழாப் போயிடக் கூடாது. சிரிக்காதீங்க, என் முதல் முப்பதுல நாலு தலைகீழ்! பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழுவழுன்னு ஒரு ஈரப் படலம் இருக்கு. இந்தச் செடியோட படலமும் அந்த மொட்டோட படலமும் ஒட்டினாத்தான் உயிர். கை பட்டு அழுக்கானாலோ காத்துல காய்ஞ்சாலோ போச்சு. அதனால பேச்சு கீச்செல்லாம் கட்டி முடிச்ச பிறகு. பாலிதீன் நாடாவால கீழிருந்து மேலா சுத்தி, மொட்டுக் கண் மட்டும் வெளியே தெரியுற மாதிரி இறுக்கிக் கட்டணும்.

மூணு வாரம், நம்ம குளிர்ல நாலு வாரம், பொறுங்க. அப்புறம் அந்தக் காம்பை விரலால லேசாத் தொடுங்க. பட்டுன்னு உதிர்ந்து விழுந்தா ஒட்டு பிடிச்சிருக்கு. கருகி, சுருங்கி, தொட்டாலும் விழாம ஒட்டிக்கிட்டு இருந்தா செத்துப் போச்சு. முதல் தடவை முப்பது கட்டி ஏழுதான் பிடிச்சது எனக்கு. அந்த ஏழு காம்பு உதிர்ந்த நாள் நான் வீட்டுல யார்கிட்டயும் கோபப்படலை. இப்ப பத்துக்கு எட்டு பிடிக்குது.

பிடிச்ச பிறகு மேல் தண்டை வளைச்சு விடணும், மொட்டு நல்லாக் கிளம்பினதும் வெட்டணும். அப்புறம்தான் நிறைய பேர் கோட்டை விடுறது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி தளிர் விட்டுக்கிட்டே இருக்கும். அதை உடைச்சு விடலைன்னா அது ஆரஞ்சை அமுக்கிடும். நாலு வருஷம் கழிச்சு "ஆரஞ்சு நட்டேன், எலுமிச்சை காய்ச்சது, ஏமாத்திட்டான்"னு நர்சரிக்காரனைத் திட்டிக்கிட்டு நிப்போம். நடும்போது ஒட்டு இருக்கிற இடம் மண்ணுக்கு மேல நல்லாத் தெரியணும். அதைப் புதைச்சா அடித்தண்டு அழுகல் வரும், நம்ம மலை ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். மயில் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, பத்து லிட்டர் தண்ணி, தனித்தனியாக் கரைச்சு சேர்த்து போர்டோ பசை ஆக்கி, மழைக்கு முன்னாடி அடித்தண்டுல பூசி விடுங்க. இரும்பு வாளியில கரைக்காதீங்க, பிளாஸ்டிக் வாளியில கரைங்க.

கத்தியைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரு மரத்துல வெட்டின கத்தியால அடுத்த மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி பிளீச்சிங் பவுடர் கரைசல்ல முக்கித் துடைங்க. ஆஸ்பத்திரியில ஒரே ஊசியை ரெண்டு பேருக்குப் போட்டா ஒத்துக்குவீங்களா?

தாய் மரம்தான் எல்லாத்துக்கும் மூலம். என் மாமியார் காலத்து விதை மரம் ஒண்ணு காப்பிக்குள்ள இருக்கு. வருஷம் தவறாம காய்க்குது, காய் உருண்டை, விதை நிறைவா இருக்கு. ஆனா வெறும் கண்ணை நம்பலை. இலையைப் பரிசோதனைக்கு அனுப்பி, நோய் இல்லைன்னு தாள் வந்த பிறகுதான் மொட்டு எடுத்தேன். அந்தத் தாள் அந்த நாளைக்குத்தான் செல்லும். மரம் வெட்டவெளியில நிக்குது, நாளைக்கே பூச்சி வந்து உட்காரலாம். அதனால மொட்டு எடுக்கிற ஒவ்வொரு வருஷமும் திரும்பப் பார்க்கணும். நாக்பூர்ல மத்திய அரசோட ஆரஞ்சு, எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க தளிரோட நுனியில ஒரு மில்லிமீட்டரைவிடச் சின்ன துணுக்கை எடுத்து, கண்ணாடிக் குழாய்க்குள்ள முளைச்ச நாற்று மேல ஒட்டுறாங்க. அவ்வளவு நுனியில நோய் எட்டியிருக்காதாம். அப்படி வந்த தாய்ச் செடியை வலைக்குடில்ல பூச்சி புகாம வளர்க்கிறாங்க. நம்மகிட்ட குழாய் இல்லை. வலை கட்டலாம்.

இதையெல்லாம் கேட்டு, ஆரஞ்சு மட்டுமே நடணும்னு முடிவு பண்ணிடாதீங்க. அது ரெண்டாவது தப்பா ஆகிடும். வேர்ச்செடி எவ்வளவு நல்லதா இருந்தாலும் கிரீனிங்கைத் தடுக்காது, இதைத் தெளிவா மனசுல வைங்க. இருபது கன்றுக்கு இடம் இருந்தா எட்டு ஆரஞ்சு போதும். மீதிக்கு வேற இருக்கே!

வெண்ணெய்ப்பழம், நாம பட்டர் புரூட்டுங்கிறது, இப்ப வியாபாரிங்க தேடி வந்து கேட்கிறாங்க. தடியன்குடிசையிலேயே டி.கே.டி. 1-னு ஒரு ரகம் வெளியிட்டிருக்காங்க. இதுக்கு மொட்டு ஒட்டு இல்லை, ஆப்பு ஒட்டு. வேர்ச்செடியைக் குறுக்கே வெட்டி நடுவுல பிளந்து, ஆப்பு மாதிரி சீவின குச்சியைச் சொருகிக் கட்டுறது. விறகு பிளக்கிற நமக்கு இது மொட்டைவிட சுலபம். ஆனா இந்த மரத்தோட பூவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே பூ ரெண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணா, மூடிட்டு மறுநாள் ஆணா. சில ரகம் காலையில பெண், மறுநாள் மதியம் ஆண். சில ரகம் மதியம் பெண், மறுநாள் காலையில ஆண். ரெண்டு வகையும் பக்கத்துல இருந்தா மகரந்தம் நல்லாச் சேரும். அதனால உங்க தோட்டத்துல ஒண்ணு, பக்கத்துத் தோட்டத்துல வேற ஒண்ணுன்னு பேசி வச்சு நடுங்க. தண்ணி தேங்குற இடத்துல மட்டும் வைக்காதீங்க, வேர் அழுகிடும்.

தாட்பூட் பழத்துல மலைக்கு ஊதாதான் ருசி, ஆனா வேர் நோய்க்கு அது சீக்கிரம் மடங்கும். மஞ்சள் தாட்பூட்டு வேர் பலமானது. மஞ்சள் மேல ஊதாவை ஆப்பு ஒட்டு வச்சா ரெண்டும் கிடைக்கும். மரத்தக்காளிக்கு ஒட்டே தேவையில்லை, விதை போட்டா ரெண்டு வருஷத்துல காய். வேர் மேலாக இருக்கும், காத்துக்குச் சாயும், முட்டு குடுக்கணும்.

மேல்மலையிலேருந்து வந்திருக்கிற அக்காமாருக்கு ஆரஞ்சு சொல்ல மாட்டேன். உங்க உறைபனி அதுக்கு ஆகாது. உங்களுக்கு நாட்டுப் பேரி மேல நல்ல பேரி, பீச் மேல பிளம்ஸ். மார்கழி, தையில இலை கொட்டி மரம் தூங்கும்போது குச்சி எடுத்துக் கட்டிடணும். நாங்க இங்க மழைக்கும் தளிருக்கும் காத்திருக்கோம், நீங்க அங்க இலை உதிரக் காத்திருக்கணும். சொந்தத்துக்குள்ளதான் ஒட்டும், ஞாபகம் இருக்கட்டும். எலுமிச்சை மேல ஆரஞ்சு ஒட்டும், நார்த்தையும் ஒட்டும். கொய்யா மேல ஆரஞ்சு ஒட்டினேன்னு எவனாவது விக்க வந்தா டீ குடுத்து அனுப்பிடுங்க.

இப்ப மனுக்கள் விஷயம். கடன் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. அந்த ஏழு குழுவுல ரெண்டு குழு புதுசு, முதல் கடன். முதல் கடன்லயே மரம் காய்ஞ்சா அந்தக் குழு நிக்காது, என் கண்ணால பார்த்திருக்கேன். நான் கேட்கிறது இதுதான். எந்தத் தாய் மரம், எந்த நர்சரி, பரிசோதனை செஞ்சதா, இதை எழுதிக் குடுக்காத ஆள்கிட்ட கன்று வாங்க கூட்டமைப்பு காசோலை எழுதக் கூடாது. விலை பத்து ரூபாய் குறைச்சாலும் கூடாது. அப்படித் தர்ற இடத்துலேருந்து வாங்கினாலும், பத்து நாள் தனியா நிழல்ல வச்சு, இலைக்குப் பின்னாடி பூச்சி, முட்டை பார்த்துட்டுத் தோட்டத்துக்குக் கொண்டு போங்க. அவசரம் இல்லாதவங்க ஒரு பருவம் பொறுத்தா, என்கிட்ட பையில நானூறு ரங்பூர் வேர்ச்செடி பென்சில் கனத்துக்கு வந்துக்கிட்டு இருக்கு. கூட்டமைப்பு வலைக்கு மட்டும் பணம் ஒதுக்கினா போதும், மூங்கில் எங்ககிட்டயே இருக்கு. கட்டிக் குடுக்க நான் ஒருத்தி பத்தாது. குழுவுக்கு ரெண்டு பேர் கத்துக்கணும். கண்ணு தெரியணும், கை நடுங்கக் கூடாது, வாயை அடக்கணும். அந்த மூணாவதுக்குத்தான் ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

சொல்ல மறந்துட்டேன். ஆட்டை வித்த அக்கா இங்கதான் உட்கார்ந்திருக்காங்க, பின்னாடி வரிசையில. பேரைச் சொன்னா கோவிச்சுக்குவாங்க. போன வருஷம் அவங்க கட்டின ஒட்டு என்னுதைவிட அதிகமாப் பிடிச்சது. நாற்றங்கால் கணக்கு நோட்டு இப்ப அவங்க கையிலதான். எந்த மொட்டு எந்த மரத்துல, எந்தத் தேதியில எடுத்ததுன்னு ஒவ்வொரு பைக்கும் நம்பர் போட்டு எழுதி வச்சிருக்காங்க. கேளுங்க, காட்டுவாங்க.

பங்குனியில முதல் மழை விழுந்த மறுநாள் காலையில எட்டு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. போன் பண்ண வேண்டியதில்லை, மழையே தகவல். கூர்மையான சின்னக் கத்தி ஒண்ணும், பழைய வேட்டித் துணி ஒரு முழமும் கொண்டு வாங்க. நாடா நான் வாங்கி வச்சுடுறேன்.